எரிமலையைப் படம் எடுப்பவர்கள் லாவாவைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது எதற்கு?

எரிசாம்பல் பாய்வுக்கு. பல நூறு டிகிரி சூடான வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து, மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் சரிவில் இறங்குவதுதான் அது. காற்றைவிடக் கனம் என்பதால் மேலே எழாமல் பள்ளத்தாக்கைப் பிடித்து ஓடும். அதன் மேல்பகுதி மட்டும் லேசானது. வேகமாகப் போகும் மணல் லாரி வளைவில் திரும்பும்போது மணல் வெளியே சிதறுமே, அதுபோல இந்தப் பகுதி திருப்பத்தில் பிரிந்து கரைமேட்டில் ஏறிவிடும்.

ஜப்பானின் உன்சென் எரிமலையில் 1991 ஜூன் 3 அன்று இப்படித்தான் நடந்தது. மேட்டில் கேமராவோடு காத்திருந்த செய்தியாளர்களும், எரிமலைப் படங்களுக்குப் பேர்போன கிராஃப்ட் தம்பதியும் உட்பட 43 பேர் இறந்தார்கள்.

வாயு முகமூடி காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது கந்தக வாயுவை வடிகட்டும், அவ்வளவுதான். இந்தச் சூட்டில் ஒரே மூச்சில் மூச்சுக்குழாய் வெந்துவிடும்.