வீட்டு கம்ப்யூட்டர் பவர ஆராய்ச்சிக்கு குடுக்குறதுன்னா என்ன?
கம்ப்யூட்டர் ஆன்ல இருந்தாலும் ப்ராசசர் முக்கால்வாசி நேரம் சும்மாதான் இருக்கும், அந்த சும்மா கெடக்குற பவர இன்டர்நெட் வழியா விஞ்ஞானிங்களோட கணக்குக்கு கடனா குடுக்குறதுதான் இது. பாயிங்க் (BOINC)னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு ஒரு ப்ராஜெக்ட்ல சேந்தா போதும், மிச்சத்த அதுவே பாத்துக்கும்.

ஏன் நம்மகிட்ட வர்றாங்கன்னா, சூப்பர் கம்ப்யூட்டருக்கு செலவும் ஜாஸ்தி கியூவும் ஜாஸ்தி, ஆனா சில கணக்குங்கள ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத சின்ன சின்ன துண்டா வெட்டிரலாம். பரீட்சை பேப்பர கட்டு கட்டா பிரிச்சு நெறைய வாத்தியாருங்ககிட்ட திருத்த குடுக்குற மாதிரிதான், நெறைய ப்ராஜெக்ட்ல ஒரே துண்ட ரெண்டு பேருக்கு அனுப்பி விடை ஒத்துப்போகுதான்னு வேற பாப்பாங்க (யாரோட மெஷின் தப்பா கணக்கு போடும்னு சொல்ல முடியாதுல்ல). விண்வெளில இருந்து வர்ற சிக்னல ஆராயுற ஐன்ஸ்டீன் அட் ஹோம் ப்ராஜெக்ட்ல 2010ல இப்படித்தான் வீட்டு கம்ப்யூட்டருங்க ஒரு புது பல்சார் நட்சத்திரத்தையே (வேகமா சுத்திக்கிட்டே துடிப்பு மாதிரி சிக்னல் விடுற நட்சத்திரம்) கண்டுபிடிச்சுது!

கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், லேப்டாப்னா சூடாகும், செட்டிங்ஸ்ல ப்ராசசர் அளவ கொறச்சு வச்சுக்கோங்க.

நம்ம ஃபைல், ஃபோட்டோ எல்லாம் எடுத்துருவாங்கன்னு பலரும் பயப்படுறாங்க, அப்படி இல்ல, அவங்க அனுப்புற டேட்டாவுக்கு கணக்கு போட்டு விடைய திருப்பி அனுப்புறது மட்டும்தான் அந்த சாஃப்ட்வேரோட வேலை, உங்க ஃபைல் அதுக்கு தேவையே இல்ல.