கணிப்பு மாதிரி 98 விழுக்காடு சரி என்கிறது, கையில் நட்டம்
தம்பி, உங்கள் எல்எஸ்டிஎம் கணிப்பு மாதிரி (பழைய விலை வரிசையிலிருந்து அடுத்த விலையைக் கணிக்கக் கற்கும் கணினி நிரல்) பிட்காயின் விலையோடு 98 விழுக்காடு பொருந்தியும், நடப்பில் நட்டம் என்கிறீர்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கணிப்புக் கோடு ஒரு நாள் பின்தங்கி வருகிறதா? அப்படியென்றால் அது நேற்றைய விலையைத்தான் திருப்பிச் சொல்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இன்றைய விலையையே நாளைக்கும் சொன்னால் யாரும் பெரிதாகத் தவற மாட்டார்கள். ஏறுமா, இறங்குமா என்பதல்லவா கேள்வி!

விலையை விட்டுவிட்டு அன்றாட ஏற்ற இறக்க விகிதத்தைக் கணியுங்கள். 'நாளையும் இதே விலை' என்ற வெற்றுக் கணிப்பை உங்கள் மாதிரி வெல்ல வேண்டும். தரவைப் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரிக்கும் முன்பே, மொத்தத்தின் மிகக் குறைந்த, மிக உயர்ந்த விலையை வைத்து எல்லாவற்றையும் 0-1 போன்ற ஒரே அளவுக்கு மாற்றினீர்களா? அப்படியானால் எதிர்காலம் பயிற்சிக்குள் கசிந்திருக்கும். நானே இதில் இரண்டு மாதம் வீணாக்கினேன்.

இன்னொன்று: இந்தியாவில் 2022 முதல் பிட்காயின் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, விற்கும்போது விற்ற தொகையில் 1 விழுக்காடு வரிப் பிடித்தம். தினமும் வாங்கி விற்றால் போட்ட பணம் அதிலேயே முடங்கும்.