என்எச்எஸ் இங்கிலாந்தைக் கலைத்தால் இலவச வைத்தியம் போய்விடுமா?

உப்புவெளியிலிருந்து அடுத்த மாதம் மனைவியோடு லெஸ்டர் வரப்போகும் தம்பி கேட்டது: "என்எச்எஸ் இங்கிலாந்தைக் கலைக்கிறார்களாம், இனி இலவச வைத்தியம் இல்லையா? மனைவிக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). திருகோணமலை ஆஸ்பத்திரி கிளினிக் மாதிரி அங்கேயும் நேரே போய்க் காட்டலாமா?"

தம்பி, கலைப்பது ஆஸ்பத்திரிகளை அல்ல, என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவைக்கு மேலே இருக்கிற நிர்வாகச் சபையை. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதை அமைச்சிலிருந்து பிரித்து வைத்தது. ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்கிறார்கள் என்று சொல்லி, திரும்ப அமைச்சோடு சேர்க்கப் போவதாக 2025 மார்ச்சில் அரசாங்கம் அறிவித்தது. உங்கள் உரிமை அதில் தங்கியில்லை. விசாவோடு ஆளுக்கு வருடம் 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், உரிமை அதனால் வருவது. சுகாதார, பராமரிப்பு வேலை விசா என்றால் அந்தக் கட்டணமும் இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் கிளினிக்குக்கு நேரே போக முடியாது, ஜிபி (குடும்ப டொக்டர்) அனுப்ப வேண்டும். அதனால் வந்த முதல் வாரமே வீட்டுக்குக் கிட்ட உள்ள ஜிபியில் இருவரும் பதியுங்கள். விலாசச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. சில இடங்களில் வரவேற்பில் கேட்கத்தான் செய்வார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 14 நாளுக்குள் தர வேண்டும்.

கிளினிக் கொப்பியையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் துண்டையும் கைப்பையில் வையுங்கள். வெளிப் பாமசியில் வாங்கும் குளிசைகளின் கம்பனிப் பெயர் இங்கே விளங்காது. மருந்தின் பொதுப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் அங்குள்ள டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். பதிவு, இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிய நாளெடுக்கும். இரண்டு மாதக் குளிசையாவது கொண்டு வாருங்கள்.

பலர் காசை விடுவது மருந்துக் கட்டணத்தில். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண், மூன்று எழுதினால் 29.70. சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவருக்கு எல்லா மருந்தும் இலவசம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் என்றால் இல்லை. இலவசமாக எடுக்க, எஃப்பி92ஏ என்ற விண்ணப்பப் படிவத்தை ஜிபியிடம் கேட்டு நிரப்ப வேண்டும். கட்டண விலக்குச் சான்று வருமுன் மருந்துச் சீட்டில் 'இலவசம்' என்று அடையாளமிட்டால், கட்டணத்தோடு 100 பவுண் வரை தண்டம் வரலாம். அதுவரை காசு கட்டுங்கள், கட்டும்போதே எஃப்பி57 பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அதைத் தரமாட்டார்கள். அது இல்லாமல் கட்டிய காசு திரும்பாது.

ஜிபி பூட்டிய நேரத்தில் 111க்குப் போன் எடுங்கள். மொழி கஷ்டமென்றால் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நெஞ்சு நோ, மயக்கம் என்றால் யோசிக்காமல் அவசர இலக்கம் 999.