வேலையில்லாத நாயகனும் ஸெட் 83 படிவமும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்கு 24 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். கணக்கியலில் டிப்ளமா முடித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நூற்றுக்கு மேல் சிவி அனுப்பியிருப்பேன். வந்தது இரண்டே இண்டர்வியூ, இரண்டுக்கும் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆயா சொல்லிக்கொடுத்த தமிழ், கோவில் வகுப்புத் தமிழ், மீதி சினிமாத் தமிழ், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘வேலையில்லா பட்டதாரி’யை நான்கு தடவை பார்த்துவிட்டேன். ராத்திரி பார்த்தால் உடம்பில் ஒரு முறுக்கு ஏறுகிறது. காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் அது இறங்கிவிடுகிறது. இந்தப் படங்கள் நம்மை ஏமாற்றுகின்றனவா? வேலையில்லாதவன் படத்துக்குப் போகலாமா? அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கோவிலில் ஆடிக் கூழ் நன்கொடைக் கணக்கை மூன்று வருடமாக நான்தான் எக்செலில் பார்க்கிறேன், மற்றபடி அனுபவம் என்று எதுவும் இல்லை. அனுபவம் இல்லாதவனை யார் எடுப்பார்கள்? போன வாரம் வாட்ஸப்பில் ஒருவர் குடோன் வேலை உறுதி என்று சொல்லி, மெடிக்கலுக்கு 450 ராண்ட் அனுப்பச் சொன்னார். அனுப்பலாமா?

பெயர் வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 450. அனுப்பாதீர்கள். வேலை வாங்கித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடை செய்கிறது. பதிவுக் கட்டணம், சீருடை, மெடிக்கல், பயிற்சிப் புத்தகம் என்று பெயர் மாறிமாறி வரும். இண்டர்வியூவே நடக்காமல் வேலை உறுதி என்றால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை. அவருக்கு ஐடி அட்டையின் படத்தையும் அனுப்ப வேண்டாம். பணம் போனால் 450தான். ஐடி போனால் உங்கள் பெயரில் கடன் வாங்கிவிடுவார்கள்.

இனி சினிமா. நீங்கள் நான்கு தடவை பார்த்த படத்தில் நாயகனுக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். விண்ணப்பம் போட்டா? அம்மா இறந்த பிறகு, அவளுடைய நுரையீரல் பொருத்தப்பட்ட பெண்ணின் குடும்பம் நன்றிக்கடனாகத் தங்கள் கட்டுமான நிறுவனத்தில் கொடுத்த வேலை அது. 1980இல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ நாயகன் கடைசியில் முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோலோடு நிற்கிறான். எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பிடிக்கும், அது வேறு விஷயம். இரண்டு படத்திலும் வேலை விண்ணப்பத்துக்கு வெளியேதான் கிடைக்கிறது. அதில் இயக்குநர்மேல் தப்பில்லை. ஒருவன் படிவம் நிரப்புவதைப் பத்து நிமிடம் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆனால் உங்கள் ஒன்றரை வருடமும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நூற்றுக்கு இரண்டு என்பதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். 2025 முதல் காலாண்டில் இந்த நாட்டில் 15 முதல் 34 வயது வரை உள்ளவர்களிடையே வேலையின்மை 46.1 சதவீதம். ஆனாலும் அந்த நூறில் எத்தனை சிவியை ஒருவர் கண்ணால் பார்த்திருப்பார் என்பது தனிக் கேள்வி.

அரசு வேலைக்கு என்ன அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அரசுத் துறைகளின் காலியிடச் சுற்றறிக்கை வாராவாரம் வருகிறது. அதற்கு ஸெட் 83 என்ற விண்ணப்பப் படிவம் கட்டாயம். 2021 ஜனவரி 1இலிருந்து புதிய படிவம்தான் செல்லும். பழையது இன்னும் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும், வாங்கிவிடாதீர்கள். அறிவிப்பில் உள்ள ரெஃபரன்ஸ் எண்ணை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். கோடும் சாய்கோடும் மாறினால்கூட வேறு பதவிக்கான விண்ணப்பக் கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே துறையில் இரண்டு பதவி என்றால் இரண்டு தனி விண்ணப்பம். உங்களுக்குப் பொருந்தாத கட்டத்தை வெறுமையாக விடாமல் ‘பொருந்தாது’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். குற்ற வழக்கு உண்டா, அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டீர்களா என்ற கேள்விகளை ‘நமக்கு என்ன’ என்று தாண்டிப்போகிறவர்கள் நிறையப் பேர். வடிகட்டுகிறவர் பார்வையில் அது அரைகுறைப் படிவம். இனிஷியலும் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். கையெழுத்து இல்லாத படிவத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள், ஃபோன் செய்து கேட்கமாட்டார்கள்.

இன்னொரு வீண் செலவு, சான்றொப்பமிட்ட நகல். அரசு வேலைக்கு முதலில் ஸெட் 83உம் விரிவான சிவியும் போதும். குறும்பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் நகல் கேட்பார்கள். தனியார் சிலர் முன்பே கேட்பார்கள். அப்போது போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே முத்திரை வாங்கிக்கொள்ளலாம். மூலத்தையும் நகலையும் சேர்த்து எடுத்துப் போங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் முத்திரை விழும். மலிவு என்று இருபது செட் போட்டு வைக்காதீர்கள். முத்திரையில் தேதி இருக்கும், மூன்று மாதத்துக்கு மேல் பழையது கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இரண்டு செட் போதும்.

ஃபோனில் படம் எடுத்த சான்றிதழ்களை எட்டு ஜேபெக்காக இணைத்து அனுப்புகிறீர்களா? எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் ரெஃபரன்ஸ் எண்ணும் இருக்கட்டும். ‘ஃபைனல் சிவி புதுசு 3’ என்று வந்தால் எதிரே இருப்பவர் சிரிப்பார், பிறகு தேடமாட்டார். மெயிலின் தலைப்பில் எண்ணும் பதவியும் மட்டும். கடைசி நாள் ராத்திரி அனுப்பினால் அவர்களுடைய மெயில்பெட்டி நிறைந்து கடிதம் திரும்பி வரும். அனுப்பிப் பத்து நிமிடம் கழித்து இன்பாக்ஸை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் விளம்பரம் என்று வெட்டிவிடும் பழக்கம் இருந்தால் அதையும் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். இண்டர்வியூ அழைப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன, ஒரே தடவைதான் வருகின்றன.

அனுபவம் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன். ஒரே வாக்கியத்தில் மூன்று வருடக் கணக்கு வேலையையும் சொல்லி, அனுபவம் எதுவும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்! உங்கள் சிவியில் ‘கோவிலில் உதவி செய்தேன்’ என்று கடைசிப் பக்கத்தில், கிரிக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். அதை மேலே கொண்டுவாருங்கள். கணக்கு உதவியாளர், தன்னார்வம், எந்த மாதம் எந்த வருடத்திலிருந்து. கீழே மூன்று வரி: ரசீதுப் புத்தகத்தோடு ரொக்கத்தை அன்றன்றே சரிபார்த்தது; அரிசி மாவு, கேழ்வரகு, காய்கறி, கேஸ் எனச் செலவைத் தலைப்புவாரியாகப் பிரித்தது; வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுக் கமிட்டிக்கு அறிக்கை கொடுத்தது. இவற்றில் நீங்கள் செய்யாததை எழுதாதீர்கள். செய்ததற்கு எண் கொடுங்கள், எத்தனை ரசீது, எத்தனை ராண்ட், எத்தனை நாளில் முடித்தீர்கள். கமிட்டிப் பொருளாளரிடம் கேட்டுவிட்டு அவருடைய எண்ணை ரெஃபரன்ஸாகப் போடுங்கள். கேட்காமல் போட்டால், அழைப்பு வரும்போது ‘எந்தப் பையன்?’ என்பார்.

அரசில் நுழைவுநிலைப் பதவிகளுக்கு முன்அனுபவம் கேட்பதை 2019 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். அனுபவம் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த அறிவிப்பை மூடிவிடாமல், எந்தப் பதவிக்குக் கேட்கிறார்கள் என்று படியுங்கள்.

இண்டர்வியூவில் சினிமா உங்களுக்குச் செய்கிற கெடுதல் ஒன்று உண்டு. மூச்சு விடாமல் பேசி எதிராளியை வாயடைக்க வைக்கும் அந்த வசனத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிறோம். இங்கே அரசு இண்டர்வியூவில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரையும் அதே கேள்வி, அதே வரிசையில் கேட்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் மதிப்பெண் தாள் இருக்கும். பதிலில் என்னென்ன வரவேண்டும் என்று முன்பே குறித்து வைத்திருப்பார்கள். உங்கள் பேச்சு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், தாளில் உள்ள விஷயம் வாயில் வராவிட்டால் மதிப்பெண் விழாது. அவர்கள் தலையாட்டாமல் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எழுதுவதுதான் அவர்கள் வேலை.

‘ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்’ என்பது அநேகமாக வரும் கேள்வி. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிடம் பேசுங்கள். கூழ் ஊற்றும் நாளில் ரொக்கமும் ரசீதும் ஒத்துப்போகாத ஒரு தடவை கட்டாயம் இருந்திருக்கும். எத்தனை ராண்ட் வித்தியாசம், எந்த ரசீது இரண்டு தடவை ஏறியிருந்தது, அதன் பிறகு என்ன ஏற்பாடு செய்தீர்கள், அடுத்த வருடம் வித்தியாசம் எவ்வளவு? ‘நாங்கள்’ என்று பேசாமல் ‘நான்’ என்று பேசுங்கள். நம் வீட்டு வளர்ப்பில் ‘நான்’ என்று சொல்லக் கூச்சம் வரும், ஆனால் கமிட்டிக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

சாட்ஸ்வர்த்திலும் சுற்றுவட்டாரத்திலும் சின்னக் கடை, சின்ன அலுவலகம் வைத்திருப்பவர்களிடம் நேரில் போகும்போது கையில் இருக்க வேண்டிய ஒரு விஷயம் சொல்கிறேன், பாதி முதலாளிகளுக்கு இது தெரியாது. 2014இலிருந்து வேலைவாய்ப்பு வரிச் சலுகை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. 18 முதல் 29 வயதுக்குள் ஒருவரைப் புதிதாக எடுத்தால் முதலாளி கட்டவேண்டிய ஊழியர் வரியில் கழிவு கிடைக்கும். மாதச் சம்பளம் 2,500 முதல் 5,500 ராண்ட் வரை என்றால் முதல் 12 மாதம் மாதத்துக்கு 1,500, அடுத்த 12 மாதம் 750. 5,500க்கு மேல் குறைந்துகொண்டே போய் 7,500இல் ஒன்றுமில்லை. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. அந்தக் கணக்கில் வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 4,990 வரும், முழுச் சலுகைக்குள் அடங்கும். 45 மணி நேரம் என்றால் 5,600ஐத் தாண்டி, சலுகை கொஞ்சம் குறையும். முதலாளி ஊழியர் வரிக்குப் பதிவு செய்திருக்க வேண்டும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. நெருங்கிய சொந்தக்காரரை வைத்துக்கொண்டு கழிவு வாங்க முடியாது, ஆகவே மாமா கடைக்கு இது உதவாது. பழைய ஆளை வேண்டுமென்றே நீக்கிவிட்டு உங்களை வைத்தால் 30,000 ராண்ட் அபராதம். கணக்கியல் படித்தவர் நீங்கள், இதை ஒரு பக்கத்தில் எழுதி சிவியோடு கொடுத்தால் அதுவே உங்கள் வேலைக்கு மாதிரி.

டேட்டாவுக்குக் காசு போகிறது என்றால் இளைஞர்களுக்கு வேலை தேடித் தரும் எஸ்ஏ யூத் தளத்தில் பதிவு செய்யுங்கள். அதைப் பார்க்க டேட்டா கழியாது. வீட்டு முகவரியைச் சரியாகக் கொடுங்கள். இரண்டு டாக்சி (பலர் சேர்ந்து ஏறும் வேன்) மாறிப் போகவேண்டிய வேலையில் சம்பளத்தில் நல்ல பங்கு டாக்சிக்கே போய்விடும். வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் மாதம் 370 ராண்ட் உதவித்தொகை வாங்குகிறீர்களென்றால், கணக்கில் 624 ராண்டுக்கு மேல் வரவு விழுந்த மாதம் மறுப்பு வரும் என்பது நினைவிருக்கட்டும். அத்தை செலவுக்கு அனுப்பியதுகூட வரவுதான்.

படத்துக்குப் போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், இண்டர்வியூவுக்கு ஒதுக்கிய டாக்சிக் காசைத் தொடாமல். ‘வேலையை விடு, கனவைப் பிடி’ என்று ரீல்ஸில் பேசுகிறவர்களை வேண்டுமானால் நிறுத்துங்கள். விடுவதற்கு முதலில் வேலை வேண்டும்.

சொல்ல மறந்த ஒன்று. ஸெட் 83இல் மொழி அட்டவணை இருக்கிறது. பேச, படிக்க, எழுத என மூன்று கட்டம், ஒவ்வொன்றிலும் நன்று, சுமார், குறைவு என்று போடவேண்டும். தமிழைத் தைரியமாகச் சேருங்கள், இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு எழுத்தில் ‘நன்று’ போடலாம். இசுலு, அதாவது ஜூலு மொழிக்குப் ‘பேச: சுமார்’ என்றால் சுமார் என்றே எழுதுங்கள். டர்பனில் மேசைக்கு அந்தப் பக்கம் இசுலு பேசுகிறவர் ஒருவராவது இருப்பார். ‘நன்று’ என்று போட்டவரை அவர் சோதித்துப் பார்ப்பார். உள்ளே போனதும் ‘சாவுபோனா’ என்று சொல்லிவிடாதீர்கள், அது ஒருவருக்குச் சொல்லும் இசுலு வணக்கம். நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் ‘சனிபோனானி’.

அன்புடன்,
அக்கா