"அப்படியேதான் இருக்காருங்க" என்றால் என்ன அர்த்தம் டாக்டர்?

கேள்வி: எங்கய்யனுக்கு 68 வயது. நிமோனியா முற்றி, ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஆறு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். காலையில் டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவதோடு சரி. நர்ஸ்களைக் கேட்டால், "அப்படியேதான் இருக்காருங்க, நீங்க போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க" என்கிறார்கள். எங்கள் தவிப்பு அவர்களுக்குப் புரியாதா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: புரியும். ஆனால் உங்களுக்கு எது வேண்டும் என்பதில்தான் கணக்குத் தப்புகிறது. கண் சிவந்து நிற்பவரைப் பார்த்ததும் 'இவங்க தூங்கணும்' என்று நர்ஸுக்குத் தோன்றுகிறது. உங்களுக்கோ தூக்கமா பெரிது?

1979-இல் நான்சி மோல்ட்டர் என்ற அமெரிக்க நர்ஸ், ஐசியூ நோயாளிகளின் உறவினர் 40 பேரிடம் 45 தேவைகளைச் சொல்லி, எது முக்கியம் என்று கேட்டார். பிழைப்பார் என்ற நம்பிக்கை, ஒளிக்காத பதில், உள்ளே இருப்பவர்கள் நம் ஆள் மீது அக்கறையாக இருக்கிறார்கள் என்ற நினைப்பு, இவைதான் மேலே வந்தன. தங்கள் மனக்கஷ்டத்தைக் கொட்டுவதெல்லாம் கீழேதான். பின்னாளில் பல நாடுகளில் நர்ஸ்களிடமும் இதே பட்டியலைக் கொடுத்தபோது, உறவினர்கள் பெரிதாக நினைத்தவற்றை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டது அடிக்கடி தெரியவந்தது.

நான் ஐசியூவில் வேலை பார்த்த காலத்தில் காங்கேயம் பக்கத்து அம்மா ஒருவர் மகனைப் பார்க்க வந்தார். குழாய்களுக்குப் பயந்து கால்மாட்டிலேயே நின்றார். வென்டிலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தல சீவி உட்டது யாருங்க?" என்றார். விடிகாலையில் உடம்பு துடைத்தபோது நைட் டியூட்டி நர்ஸ் சீவிவிட்டிருந்தார். அதைச் சொன்ன பிறகுதான் அந்த அம்மா கிட்டே போய் மகன் கையைப் பிடித்தார். நான் அதுவரை சொன்ன ரத்த அறிக்கை எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை.

நர்ஸ் பக்கமும் பாருங்கள். சளி உறிஞ்சி எடுக்க வேண்டும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மணிக்கு மணி சிறுநீர் அளக்க வேண்டும். இதற்கு நடுவில், "பிழைப்பாரா?" என்ற கேள்விக்கு அவர் வாய் திறக்க முடியாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கேட்டது அந்தக் கேள்வி என்றால், "அப்படியேதான் இருக்காருங்க" என்பதுதான் பதிலாக வரும்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "ராத்திரி காய்ச்சல் அடிச்சதுங்களா சிஸ்டர்? ஆக்சிஜனைக் கூட்டினீங்களா, குறைச்சீங்களா? கூப்பிட்டா கண்ணத் தொறக்கறாருங்களா?" இதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்கும். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்காதீர்கள். சித்தப்பா, மாமா, மச்சான் என்று ஆளாளுக்குப் போய்க் கேட்காமல், வீட்டில் ஒருவரே பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நிலைமை மாறினால் எந்த நம்பருக்கு அழைப்பார்கள் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிழைப்பாரா என்ற கேள்வியை டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதாது, உட்கார்ந்து பேச நேரம் கொடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பார்க்கப் போகும்போது கையைக் கழுவிக்கொண்டு, நர்ஸிடம் கேட்டுவிட்டு அய்யன் கையைத் தொட்டுப் பேசுங்கள். மயக்க மருந்தில் இருந்தாலும் குரல் காதில் விழக்கூடும். பாரியூர் அம்மன் குங்குமத்தை வைக்கலாமா என்பதையும் நர்ஸிடமே கேளுங்கள். குழாய் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் படக்கூடாது.

உங்கம்மாவும் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாரா? அவருக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஏதாவது உண்டா? இந்த ஆறு நாளும் போட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.