மாதிரியைத் தொடாத கை

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் மாதிரி எடுத்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், போத்தல் மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது என்றார். மருந்துத் தொழிற்சாலைகளில் இவ்வேலையை இயந்திரத்திடம் விடுவதும் இதனால்தானா? — வாசகி, மாங்குளம்

பதில்: ஆம். மருந்து தயாரிக்கும் தூய அறையில் துகளையும் கிருமியையும் உதிர்ப்பவர் பெரும்பாலும் மனிதரே. ஊசிமருந்துக்கான நீரில் 100 மில்லிலீற்றருக்கு 10 நுண்ணுயிர்க் கூட்டங்களே வரம்பு என்பதால், விரல் பட்ட ஒரு போத்தல் நல்ல நீரையும் கெட்டதெனக் காட்டி, ஒரு தொகுதி மருந்தையே முடக்கிவிடலாம். தானியங்கி முறையில் நீர் மூடிய பாதையிலேயே கிருமிநீக்கிய பைக்குச் செல்கிறது. வால்வு குறித்த நேரத்தில் திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றிய பின்னரே மாதிரியைப் பிடிக்கிறது. (குழாய்க் கிணற்றைச் சற்று ஓடவிட்டு மாதிரி எடுப்பதும் இதற்காகவே.) ஆயினும், இயந்திரத்திலும் நீர் தேங்கும் மூலைகளில் கிருமிப்படலம் வளரும்; அவற்றை நீராவியால் தூய்மையாக்காத இயந்திரத்தைவிடக் கவனமான கையே மேல் என்பேன்.