கணினி உறைவதும் திரையில் வந்த எச்சரிக்கையும்

வணக்கம். உலாவியைத் திறந்த சில நிமிடங்களில் விண்டோஸ் 10 கணினி உறைந்துவிடுவதாகவும், வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். திரை முழுவதும் தோன்றிய வைரஸ் எச்சரிக்கையில் இருந்த தொலைபேசி எண்ணை அழைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதே இல்லை. நீங்கள் கண்டது அச்சமூட்டுவதற்காக அமைக்கப்பட்ட வலைப்பக்கம்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் உலாவியை நிறுத்தினால் அது மறைந்துவிடும். மறுமுறை திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு என்றே கருதுகிறேன். டாஸ்க் மேனேஜரில் வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நிற்க, படிக்கப்படும் தரவின் வேகம் மட்டும் மிகக் குறைவாக இருந்தால், பழுதான பகுதிகளை வன்தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று ஐயுற இடமுண்டு. அப்படியானால் எந்தச் சோதனைக்கும் முன்பாக, படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் கருவிகள் தளர்ந்த வட்டுக்கு மேலும் சுமையாகி, எஞ்சியதையும் இழக்கச் செய்யலாம். இதை வலியுறுத்தியே சொல்கிறேன். அதன்பின் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் வட்டின் நிலையைப் பாருங்கள். அது எச்சரித்தால், சுழலும் பாகங்கள் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு மாறுவதே சரி.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குப் பதிவு செய்யுங்கள், அல்லது கணினி ஏற்குமானால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். ஒருவேளை அந்த எண்ணை ஏற்கெனவே அழைத்துத் தொலைவிலிருந்து இயக்க அனுமதித்திருந்தால், இணையத்தை உடனே துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, வங்கிக்கும் தெரிவியுங்கள்.